ஏணிப்பாறையில் ஒன்பது முடிச்சு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் நாத்தனார் வீட்டுக்காரர் அருளானந்தம். என் இளையவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், குருத்தோலை ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவர் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். பொய் சொல்ல மாட்டார். அப்படியே சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை சொல்ல மாட்டார்.

ஏணிப்பாறை என்று ஒரு மலையூர். பத்தொன்பது வீடு, ஒரு ஓடை. ஆண்டவர் அந்த ஊருக்கு நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் நல்ல மனசும் தாராளமாகக் கொடுத்தார். இன்னும் ஒன்றைக் கொடுக்கக் கையை நீட்டும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். அந்த ஒன்று என்னவென்று நான் சொல்லவில்லை. ஒருவரைக் குறை சொல்லி நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஓடைக்கரையை ஒட்டின முதல் வீடு வைரக்கண்ணுவுடையது. அவன் பெண்டாட்டி சீரங்காயி, கீழே சந்தையூர்க்காரி. அவள் பிறந்த வீட்டில் கூடத்துக்கு ஒரு பல்பு, அடுக்களைக்கு ஒரு பல்பு, மாட்டுத் தொழுவத்துக்குக்கூட ஒரு பல்பு உண்டு. ஏணிப்பாறையில் மண்ணெண்ணெய் விளக்குதான். இரண்டு வருஷம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொறுத்தாள். ஒருநாள் இருட்டு அடுக்களையில் புளி என்று நினைத்து, செருப்பு தைக்க வைத்திருந்த தோல் துண்டை ஊறப்போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். வைரக்கண்ணு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குக் குழம்பு நல்லா வாய்க்குப் பிடிபடுது" என்றான்.

அன்றைக்குத்தான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இந்த வீட்ல ஒரு பல்பு எரியட்டும். அன்னைக்கு நான் வாசப்படி மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

நாலு மாசம் ஆயிற்று. வைரக்கண்ணு தானே கேப்பைக் களி கிண்டித் தின்றான். தின்ன முடியாத களியை வைத்துத் தொழுவச் சுவரில் மூன்று ஓட்டையை அடைத்தான். சுவர் நன்றாக நின்றது. வயிறுதான் நிற்கவில்லை. சாயங்காலமானால் பாறை மேல் உட்கார்ந்து, சந்தையூர் இருக்கும் திக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். அது சந்தையூர் இருக்கும் திக்கு இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் எப்சிபா என்கிற இன்ஜினியரம்மா ஜீப்பில் வந்தார். அருளானந்தம்தான் வண்டி ஓட்டி வந்தார். வண்டிக்குப் பின்னால் ஒரு மிஷின், நீளம் நீளமாகக் குழாய், ஒயர்ச் சுருள், ஒரே ஒரு பல்பு.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே யாருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் யாராவது ஒரு வேலை சொன்னால், ஊர்த்தலைவர் சங்கிலி தன் இடுப்பில் தொங்கும் சணல் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். வேலை முடிந்ததும் முடிச்சை அவிழ்ப்பார். சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் எதையும் செய்யக் கூடாது. பாதிப் பேச்சில் வேலையை ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு.

எப்சிபா பலா மரத்தடியில் நின்று, "முதல்ல எல்லாரும் உட்காருங்க" என்றார்.

சங்கிலி ஒரு முடிச்சுப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

பெரியவருக்கு ஏதோ கைப்பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார். "உங்க ஓடைத் தண்ணியை வெச்சே கரண்ட் எடுக்கலாம். மேலே மணல் மூட்டை அடுக்கி ஒரு தடுப்பு கட்டுங்க. தண்ணி குழாய் வாய்க்கு ஏறணும்." ஒரு முடிச்சு. "தண்ணியோட ஒரு இலைகூட உள்ளே போயிறக் கூடாது." ஒரு முடிச்சு. "குழாய் நேரா இறங்கணும், எங்கேயும் வளையக் கூடாது." ஒரு முடிச்சு. "மிஷினை எவ்வளவு கீழே வைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. அதோட பெட்டி நனையாம பார்த்துக்கங்க." ஒரு முடிச்சு. "ஒயரை ஆள் கைக்கு எட்டாத உயரத்துல கட்டுங்க." ஒரு முடிச்சு. "ஓடைக்குப் பக்கத்து வீடு வைரக்கண்ணு வீடுதானே? சோதனைக்கு அங்கே இந்தப் பல்பை மாட்டுங்க." இந்த முடிச்சு இறுகிற்றா என்று வைரக்கண்ணு எட்டிப் பார்த்துக்கொண்டான். "தேங்காய் உடைச்சுப் பாயாசம் வெச்சுக் கொண்டாடுங்க." ஒரு முடிச்சு. "எரிஞ்சதும் எனக்கு போன் பண்ணுங்க." ஒரு முடிச்சு.

ஒன்பது முடிச்சு. ஏணிப்பாறை வரலாற்றில் ஒரு கயிற்றில் இரண்டுக்கு மேல் முடிச்சு விழுந்ததே கிடையாது.

இன்ஜினியரம்மாவுக்கு இன்னும் மூன்று மலையூர் பார்க்க வேண்டியிருந்தது. கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஊர் கயிற்றைச் சுற்றி நின்றது.

"முதல்ல சொன்னதை முதல்ல செய்யணும்ல, பெரியப்பா?" என்றான் வைரக்கண்ணு.

"செஞ்சிரலாம்டா. முதல் முடிச்சுப் பக்கத்து நுனி எங்கே இருக்கு பாரு."

பார்த்தார்கள். அந்த நுனி சங்கிலியின் அரைஞாணில் கட்டியிருந்தது. அரைஞாணை ஆம்பிளை உயிரோடு இருக்கும்போது அவிழ்ப்பதில்லை.

ஊரிலேயே படித்தவன் என்று பேரெடுத்தவன் சிலம்பன். சந்தையூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றும் வேலைக்குப் போய் மூன்று நாள் கூரை மேல் இருந்தவன். அவன் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், முடிச்சை அவிழ்க்கணும்னா நுனியை உள்ளே விட்டு வாங்கணும். விடுறதுக்கு இருக்கிறது இந்தக் கடைசி நுனிதான். கடைசி முடிச்சுலேர்ந்து வர்றதைத் தவிர வேற வழியில்ல. கயிறு சொல்லுது, நாம கேக்கணும்."

பெரியப்பா முக்கியமா பல்பு முக்கியமா என்று கேட்க வைரக்கண்ணு வாயெடுத்தான். மரியாதைக்காக விழுங்கிக்கொண்டான்.

கடைசி முடிச்சு, போன் பண்ணுவது.

ஊருக்கு ஒரே போன், சங்கிலியுடையது. அதற்குச் சார்ஜ் ஏற்றுவது அருளானந்தத்தின் ஜீப்பில்தான். பிள்ளையார் பாறை மேல் ஏறி ஒற்றைக்காலில் நின்றால்தான் பேச்சுக் கேட்கும். இரண்டு காலில் நின்றால் கேட்காதா என்று இதுவரை யாரும் நின்று பார்த்ததில்லை.

"அம்மா, நான் சங்கிலி. போன் பண்ணிட்டேன்."

"எரிஞ்சதும்தானே பண்ணச் சொன்னேன், ஐயா?"

"ஆமாங்கம்மா. அதான் பண்ணுறேன்."

"அடேயப்பா! ரெண்டே நாள்லயா? அங்கே எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

"ரொம்பச் சந்தோஷம்மா."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, பாருங்கள். எப்சிபாவும் சந்தோஷப்பட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை எங்க மேலதிகாரியைக் கூட்டிட்டு வர்றேன். பல்பு எரியறதை அவர் கண்ணால பார்த்தார்னா மத்த பதினெட்டு வீட்டுக்கும் உத்தரவு போட்டிருவார். எரியலேன்னா மிஷினை அடுத்த மலைக்குத் தூக்கிருவார். அதுதான் எரிஞ்சுருச்சே, நமக்கென்ன கவலை?" என்றார்.

வைரக்கண்ணு போனைப் பிடுங்கிக்கொண்டான். "அம்மா, வர்ற வழியிலதான் சந்தையூரு. அங்கே என் வீட்டுக்காரி..."

"தெரியும், வைரக்கண்ணு. அருளானந்தம் அண்ணன் சொன்னார். நானே போய், பல்பு எரியுதுன்னு சொல்லி, ஜீப்புலயே ஏத்திட்டு வர்றேன்."

வைரக்கண்ணு இறங்கி வரும்போது கால் தரையில் படவில்லை. பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அடி ஒன்றும் பலமில்லை.

இன்னும் எட்டு நாள், எட்டு முடிச்சு. அந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

மறுநாள் தேங்காய் உடைத்துப் பாயாசம். சங்கிலியின் பெண்டாட்டி குருவம்மாள் அண்டா வைத்துக் கிண்டினாள்.

"எதுக்குப் பெரியம்மா இந்தப் பாயாசம்?" என்று கேட்டான் வைரக்கண்ணு.

"பல்பு எரிஞ்சதுக்குடா."

"இன்னும் எரியலையே."

"அதனாலதான் வெல்லம் கம்மியா போட்டிருக்கேன். குடி."

அடுத்த நாள் பல்பை வைரக்கண்ணுவின் அடுக்களை உத்திரத்தில் மாட்டினார்கள். முழு ஊரும் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தது. அது எரியவில்லை. எரிய இன்னும் ஆறு முடிச்சு பாக்கி என்பதால் யாரும் குறைப்படவில்லை. ஆனால் குருவம்மாளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏன்டா சிலம்பா, தண்ணிலேர்ந்துதானே கரண்டை எடுக்கிறாங்க? எடுத்த பெறகு தண்ணி என்ன ஆகும்? கரும்பைப் பிழிஞ்சா சக்கை வருதுல்ல, அந்த மாதிரி சக்கைத் தண்ணியாயிருமே. அதுல பருப்பு வேகுமா?"

எல்லாரும் திடுக்கிட்டார்கள். ஓடையின் கீழ்ப்பக்கம் இருந்த ஏழு வீட்டுக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே திடுக்கிட்டார்கள்.

சிலம்பன் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு போய், மிஷின் வரப்போகும் இடத்துக்கு மேலே ஒரு வாய் குடித்தான். கீழே இறங்கி ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடி யோசித்தான்.

"கீழ்த் தண்ணி இப்பவே கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு."

"இன்னும் மிஷினே வெக்கலையேடா!"

"வெக்கப்போறோம்னு தண்ணிக்குத் தெரிஞ்சிருக்கும், பெரியம்மா. பயந்த ஆளோட முகம் வெளிறிப் போறதில்லையா?"

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. அன்று முதல் தினமும் காலையில் ஓடையில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, தண்ணீருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதற்கடுத்தது ஒயர். ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். ஊரில் நெட்டை சிலம்பன்தான். இரண்டாள் உயரத்தில் மூங்கில் நட்டுக் கட்டினார்கள். சிலம்பன் கையைத் தூக்கினான், எட்டவில்லை. "குதிச்சுப் பாரு" என்றார் சங்கிலி. குதித்தான், எட்டவில்லை. "வைரக்கண்ணு தோள் மேல ஏறிப் பாரு." ஏறினான், எட்டிவிட்டது. மூங்கிலை உயர்த்தினார்கள். மூன்றாவது ஆள் மேல் ஏறினான், அதுவும் எட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் மூங்கில் தீர்ந்துவிட்டது, ஆள் தீரவில்லை. கடைசியில் சிலம்பனைப் பிள்ளையார் முன்னால் நிறுத்தி, வெள்ளிக்கிழமைவரை கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். முடிச்சு அவிழ்ந்தது.

பிறகு மிஷின். எவ்வளவு கீழே வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று சொல்லியிருந்தார் அல்லவா? ஓடைச்சரிவில் கீழே ஒரு சமதரை இருந்தது. அங்கே வைத்தார்கள்.

"இதுக்கும் கீழே இருக்கே" என்றான் வைரக்கண்ணு.

"எங்கேடா?"

"தரைக்குக் கீழே."

பல்பு நன்றாக எரிய வேண்டுமே என்று அவனுக்கு. மண்வெட்டியைக் கையிலெடுத்தவன் சாயங்காலம்வரை விடவில்லை. தோண்டத் தோண்ட இன்னும் கீழே என்று ஓர் இடம் வந்துகொண்டே இருந்தது. ஓராள் ஆழம் போனதும் சங்கிலி எட்டிப் பார்த்து, "போதும்டா, அந்தப் பக்கம் யார் ஊரோ!" என்றார். மிஷினைக் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். பெட்டி நனையக் கூடாது என்பதால் சங்கிலி அதற்குத் தன் குடையை விரித்துக் கட்டினார். ஊரில் இருந்தது அந்த ஒரு குடைதான். அன்றைக்கு மழை வந்தது. தலைவர் நனைந்தார், மிஷின் நனையவில்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு இந்த முடிச்சு முடிந்தது. திங்களும் செவ்வாயும் குழாய் வேலை.

தடுப்பு வரப்போகும் இடத்துக்கும் குழிக்கும் நடுவே நேர்கோடு பிடித்தால், அது வைரக்கண்ணுவின் வீட்டுக்கு நட்ட நடுவே போயிற்று. எல்லாரும் வீட்டைப் பார்த்தார்கள். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

"ரெண்டு முழம் தள்ளி வளைச்சுக் கொண்டுபோனா என்ன?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"எங்கேயும் வளையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் சங்கிலி.

"வீட்டை நகத்தலாமா?" என்றான் சிலம்பன், கையைத் தோளுக்குக் கீழேயே வைத்து ஆட்டி.

வைரக்கண்ணு யோசித்தான். அவனுக்குச் சீரங்காயியின் முகம் நினைவுக்கு வந்தது. கடப்பாரையை எடுத்து முதல் ஓட்டையைத் தானே போட்டான். குழாய் வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவர் வழியாக உள்ளே வந்தது. கூடத்தைத் தாண்டிற்று. அடுப்புக்கு மேலே ஓடி, அடுக்களைச் சுவரில் வெளியே போயிற்று. உள்ளே நடப்பவர்கள் இரண்டு இடத்தில் குனிய வேண்டியிருந்தது. "மரியாதையான வீடு" என்றார் சங்கிலி.

புதன்கிழமை, இலை. தண்ணீரோடு ஒரு இலைகூட உள்ளே போகக் கூடாது. ஓடைக்கரை நெடுக புங்கமும் நாவலும் அத்தியும். ஊர் முழுக்க மரமேறிற்று. சிலம்பன் மட்டும் சத்தியம் காரணமாகக் கீழ்க்கிளையோடு நின்றான். ஒவ்வொரு இலையாகப் பறித்துச் சாக்குச் சாக்காகக் கட்டினார்கள். புதன் போய் வியாழனும் போயிற்று. வியாழன் சாயங்காலம் கரையில் இருந்த மரமெல்லாம் மொட்டையாக நின்றன. ஆடுகளுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, ஆனாலும் சாப்பிட்டன.

"ஒரே ஒரு இலை அந்தக் கொப்புல இருக்கு" என்றாள் குருவம்மாள்.

அது பச்சைக்கிளி. அதுவும் பறந்து போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தடுப்பு கட்ட இறங்கினார்கள். மணல் மூட்டை அடுக்க வேண்டும். மணல் இருந்தது, மூட்டைக்குச் சாக்கு இல்லை. இருந்த சாக்கில் பாதிக்கு மேல் இலை இருந்தது.

"இலையைக் கொட்டிட்டு மணலை அள்ளலாமே!" என்று வைரக்கண்ணு துடித்தான்.

"ஓடைக்கரையில இலையைக் கொட்டுறதா? ரெண்டு நாள் பட்ட பாடு என்னடா ஆவுறது?" என்றார் சங்கிலி.

இருந்த சாக்கில் மணல் நிரப்பி, இந்தக் கரையிலிருந்து பாதி, அந்தக் கரையிலிருந்து பாதி என்று அடுக்கினார்கள். நடுவில் ஏழு ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்துவிட்டது. தண்ணீர் அது வழியாகச் சிரித்துக்கொண்டு போயிற்று. குழாயின் வாய் அதற்கு ஒரு சாண் மேலே காய்ந்து கிடந்தது.

அப்போது கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

வைரக்கண்ணு தலையைத் தூக்கிப் பார்த்தான். தடுப்பு இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் வீட்டு வாசல் நேராகத் தெரியும். ஜீப் வந்து நின்றது. அருளானந்தம் இறங்கினார். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி இறங்கினார், எப்சிபா இறங்கினார். அப்புறம் பச்சைச் சேலையும் துணி மூட்டையுமாகச் சீரங்காயி இறங்கினாள்.

"பெரியப்பா! வந்துட்டா! பல்பு எரியலை! இப்படியே திரும்பிப் போயிருவா!"

"பொறுடா. தடுப்பு கட்டியாச்சு, அதை அவுத்துட்டேன். இன்னும் ஒரு முடிச்சு இருக்கே, அது என்ன முடிச்சு?"

யாருக்கும் ஞாபகமில்லை. வைரக்கண்ணு தலைமுடியைப் பிய்த்துக்கொண்டான். சிலம்பன் கண்ணை மூடினான், திறந்தான்.

"மரத்தடியில நின்னு மொதல்ல சொன்னாங்களே. எல்லாரும் உட்காருங்கன்னாங்க."

"எங்கே உட்கார்றது?"

"இருக்கிற இடத்துல உட்காருங்கய்யா, நேரமில்ல!"

அத்தனை பேரும் ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். இடைவெளியில் நின்ற ஏழு பேர், நடுவில் வைரக்கண்ணு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்கு முட்டுக் கொடுத்து முன்னால் உட்கார்ந்தார்கள். சங்கிலி நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே கடைசி முடிச்சை அவிழ்த்தார்.

ஓடை அவர்கள் முதுகில் முட்டி நின்றது. மெல்ல ஏறிற்று. ஒரு சாண் ஏறிற்று. குழாய் வாய்க்குள் குபுகுபுவென்று இறங்கிற்று.

கீழே குழிக்குள் மிஷின் உறுமியது. வைரக்கண்ணுவின் அடுக்களையில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுது, சார், பாருங்க!" என்று எப்சிபாவின் குரல் கேட்டது. அதிகாரி குனிந்து உள்ளே போனார். சீரங்காயி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. வலது காலைத் தூக்கி வாசப்படி மேல் வைத்தாள்.

வைரக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. "சீரங்காயீ!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றான்.

அவன் எழுந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போயிற்று. பல்பு அணைந்தது.

சீரங்காயி காலை எடுத்துவிட்டாள்.

"உட்காருடா, பாவி!" என்றது ஊர்.

உட்கார்ந்தான். பல்பு எரிந்தது. கால் படிமேல் வந்தது. அவள் சிரித்தாளா இல்லையா என்று பார்க்க லேசாக எழும்பினான். பல்பு மங்கியது. கால் பின்வாங்கியது. "உள்ளே போ, தாயி! அவன் பொண்டாட்டியைப் பார்க்காம ஒரு நிமிஷம் இருக்க மாட்டான், எங்களுக்கு இடுப்பு விறைக்குது!" என்று குருவம்மாள் தண்ணீரிலிருந்து கத்தினாள்.

வைரக்கண்ணு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பக்கத்து ஆட்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓடைக்குள் வேர்விட்டவன் மாதிரி உட்கார்ந்தான். நாலு மாசமாக அவளைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் போய்விடுவாள், பார்க்காமல் இருந்தால் இருப்பாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. மீன் ஒன்று வேட்டிக்குள் புகுந்தது. அதற்கும் திறக்கவில்லை.

சீரங்காயி இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டாள்.

அதற்குள் எப்சிபா மிஷினைப் பார்க்கப் போய், குடைக்குக் கீழே குழி நிரம்பிக்கொண்டிருப்பதைக் கண்டு அலறினார். அருளானந்தம் மண்வெட்டியை எடுத்துச் சரிவுப் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டார். தண்ணீர் வழிந்து ஓடைக்கே திரும்பிப் போயிற்று.

"சரிவுல ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தா தண்ணி தானா போயிருக்குமே, ஐயா!"

"நீங்க அதைச் சொல்லலையே அம்மா. முடிச்சு இல்லையே" என்றார் சங்கிலி, ஓடைக்குள்ளிருந்து.

அதிகாரி வெளியே வந்தார். மொட்டை மரங்களைப் பார்த்தார். வீட்டுக்குள் போகும் குழாயைப் பார்த்தார். ஓடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அது அப்படியேதான் இருந்தது. பல்பு எரிகிறது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர், ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

ஜீப்பில் இருந்த காலிச் சாக்குகளில் மணலை நிரப்பி இடைவெளியை அடைத்த பிறகுதான் ஊர் எழுந்தது. வைரக்கண்ணு சொட்டச் சொட்ட வீட்டுக்குள் போனான். குழாய்க்குக் குனியும்போது நெற்றியில் இடித்துக்கொண்டான்.

"இது என்னய்யா, அடுப்புக்கு மேல?" என்றாள் சீரங்காயி.

"குழாய்."

அவள் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. "தயிர்ச்சட்டியை இதுக்குப் பக்கத்துல வெச்சா புளிக்காது" என்றாள். பிறகு அடுக்களை வெளிச்சத்தில் அவன் முகத்தை உற்றுப் பார்த்து, "இவ்வளவு இளைச்சா போனே?" என்று கேட்டாள். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். களியைப் பற்றி இப்போது எதற்கு?

புறப்படும் முன் எப்சிபா ஊரைக் கூட்டினார். கயிற்றுக் கதை முழுவதையும் சங்கிலி சொல்லக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "உத்தரவு வந்துருச்சு. இந்த வீட்டுக்குக் கரண்ட் எப்படி வந்துச்சோ அதே மாதிரி உங்க பதினெட்டு வீட்டுக்கும் வரும். ஆனா இந்தத் தடவை தலைகீழா செய்யாதீங்க. எதையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றது ஊர்.

ஜீப் போனதும் பலா மரத்தடியில் கூடினார்கள். இந்தத் தடவை சிலம்பன் சொன்னபடி, சங்கிலி அரைஞாணில் கட்டாத வேறொரு கயிறு கொண்டுவந்தார்.

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்லியிருக்காங்க. அந்த வீட்ல மொதல்ல நடந்தது எது?"

"போன் பண்ணினது."

"அதுக்கும் முன்னாடி?"

"மிஷின் வந்தது."

"அதுக்கும் முன்னாடி?"

நெடுநேரம் யோசித்தார்கள். சிலம்பன்தான் கண்டுபிடித்தான். சத்தியத்துக்குத் தவணை முடிந்துவிட்டதால் இரண்டு கையையும் உயரத் தூக்கிச் சொன்னான்: "சீரங்காயி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனா! அது இல்லேன்னா இவ்வளவும் ஏது?"

யாராலும் மறுக்க முடியவில்லை. சங்கிலி முதல் முடிச்சைப் போட்டார்.

மறுநாள் காலை சீரங்காயி வாசல் தெளிக்க வந்தபோது, ஊர்ப் பெண்கள் எல்லாரும் துணி மூட்டையோடு வரிசையாக மலையிறங்கிக்கொண்டிருந்தார்கள். அவரவர் புருஷன்மார் வழித்துணைக்குப் பின்னால் போனார்கள்.

"எங்கேடி போறீங்க எல்லாரும்?"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு. பல்பு வரணுமில்ல?"

குருவம்மாளுக்குப் பிறந்த வீடு அதே ஊர், மூன்று வீடு தள்ளி. அவளும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாழிகைக்கு ஒருதரம், "எரியுதா?" என்று கத்துவாள். "இன்னும் இல்ல, நல்லாக் கோவிச்சுக்கோ!" என்று சங்கிலி இங்கிருந்து கத்துவார்.

ஆக எல்லா வீட்டிலும் வேலை ஆரம்பித்துவிட்டது, சிலம்பன் வீட்டைத் தவிர. அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அருளானந்தம் போன தடவை போனபோதும் அவன் வழியை மறித்து நின்று, எங்கேயாவது பெண் இருக்கிறதா என்று கேட்டானாம்.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பெண் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நகை நட்டு வேண்டாம், சமைக்கவும் தெரிய வேண்டாம். தாலி கட்டின மறுநாளே அம்மா வீட்டுக்குப் போய்விடுகிற பெண்ணாக இருந்தால் போதும்.